திரும்பிப் போன சத்தம்

என்றும் சுகமாக இருக்க வேண்டிய என் கண்ணுக்கு அம்மா எழுதுவது. நீ நலமாக இருப்பதை உன் மாமா வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டேன், என் ஃபோனைத்தான் நீ எடுப்பதில்லையே. இங்கே அப்பா தேறி வருகிறார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்துகொண்டு, உப்பில்லாத கஞ்சி கொண்டுவரும் நர்ஸம்மாவோடு தினமும் மல்லுக்கு நிற்கிறார், அந்த அம்மாவும் சளைத்தவர் இல்லை, குடித்து முடித்தால்தான் தருவேன் என்று அவருடைய ஃபோனைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார். நானும் சுகம் என்று எழுத மனசு வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் போய்விட்டது. ஃபோனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவாய், கடிதமென்றால் கோபத்தோடாவது கடைசிவரை படிப்பாய், சாமான் மடித்து வந்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கீழே போடுவாய் சின்ன வயதில், அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

கடைசியாகப் பேசியபோது நீ கேட்டது இன்னும் காதிலேயே நிற்கிறது. அப்பா அங்க நெஞ்சப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கிறப்ப எப்படிம்மா உனக்குத் திரும்பிப் போக மனசு வந்துச்சு என்று கேட்டாய். அது அப்பான்னு எனக்கு யாரும் சொல்லல கண்ணு என்றேன். சொல்லியிருந்தா இறங்கியிருப்பியா என்றாய். நீ அந்த வேலைய விட்டுட்டுக் கூப்பிடு, அப்ப பேசுறேன் என்று வைத்துவிட்டாய். இந்த மூக்கு நுனிக் கோபம் உன் அப்பா வழியில் வந்ததல்ல, என்னிடமிருந்து வந்தது, அதனால் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் மாமா உன்னிடம் சொன்னது பாதிக் கதைதான், மீதி அவருக்கே தெரியாது. அதைப் படித்துவிட்டு நீ என்ன முடிவெடுத்தாலும் சரி.

எங்க அம்மா நடுக்கடல்ல எண்ணெய் எடுக்கிற ரிக்குக்கு ஆள் ஏத்திட்டுப் போற பஸ் டிரைவர், அந்த பஸ் பறக்கும் என்று நீ பள்ளிக்கூடத்தில் எழுதினாயே, ஹெலிகாப்டர் ஓட்டுகிற என் வேலையைப் பற்றி அதற்கு மேல் இன்றுவரை யாரும் சரியாகச் சொன்னதில்லை. ஏறுகிற ஒவ்வொருவரையும் மூட்டை போல எடை போடுவோம், தலையிலிருந்து கால்வரை ரப்பர் உடுப்பை மாட்டிவிடுவோம், கடலில் விழுந்தால் எப்படி வெளியே வருவது என்று ஏறும்போதே சொல்லித்தான் கூட்டிப்போவோம். வெளியே பனிமூட்டமாக இருந்தால் ராடாரைப் பார்த்துக்கொண்டே படிப்படியாக இறங்குவோம். ஒரு குறிப்பிட்ட உயரம் உண்டு, அதுவரைக்கும்தான். அங்கே போயும் ரிக் கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் ஏறித் திரும்பிவிட வேண்டும், அதற்குக் கீழே ஓர் அடிகூட ஆசைப்படக் கூடாது. இன்னொரு விஷயமும் உண்டு, அதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. ரிக்கில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று அவசரமாகக் கூப்பிட்டால், அந்த ஆள் யார், என்ன வயது, எவ்வளவு மோசமாக இருக்கிறார், எதையுமே எங்களிடம் சொல்ல மாட்டார்கள். ஒரு ஆள், ஸ்ட்ரெச்சர், அவ்வளவுதான் தகவல். கேட்டால் மனசு இளகும், இளகினால் கை ஹெலிகாப்டரைக் கீழே அழுத்தும், அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. வானத்தையும் எரிபொருளையும் மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

ரிக்கில் அப்பா ஓட்டுகிற கிரேன் விஷயமும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நான் ரிக்குக்கு வருகிறேன் என்றால் அவர் கிரேனின் நீண்ட கையை இறக்கி, அதைத் தாங்கும் இரும்புத் தொட்டிலில் படுக்கவைத்துக் கொக்கியைக் கட்டி இஞ்சினை நிறுத்திவிட வேண்டும், ஏனென்றால் அந்தக் கிரேன் நாங்கள் வந்து இறங்கும் தளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதெல்லாம் முடித்துவிட்டுத்தான் கேபினைவிட்டு வெளியே வருவார், வந்து மஞ்சள் கையுறை போட்ட கையைத் தூக்கிக் காட்டுவார். வீட்டில் ஒரு நாளும் எனக்கு வளைந்து கொடுக்காத மனுஷன் அங்கே மட்டும் தன் கிரேனையே எனக்குத் தலைகுனிய வைக்கிறார் என்று எங்கள் ஆட்களெல்லாம் கேலி செய்வார்கள். இத்தனை வருஷத்தில் கையைப் படுக்கவைக்காமல் அவர் கேபினைவிட்டு இறங்கியதே கிடையாது.

அன்றைக்கு மத்தியானம் அழைப்பு வந்தபோது நானும் என் கோ-பைலட்டும் டீயைப் பாதி குடித்திருந்தோம். நம் வீட்டுக்கு வந்து, நடக்கிற சத்தமே கேட்காமல் உன் பின்னால் நின்று உன்னை அலறவைத்தாரே, பூனை என்று நீ பேர் வைத்தாயே, அவர்தான். மேலே நல்ல வெயில், கீழே கடல் முழுக்க வெள்ளைப் பஞ்சை விரித்துப் போட்ட மாதிரி மூட்டம். அதற்குள் இறங்கியதும் கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே இல்லை. ரிக்கிலிருந்து ரேடியோக்காரர், தளம் தயார், எல்லாம் சுத்தமா இருக்கு, வாங்க என்றார். பூனை தூரத்தைப் படித்துக்கொண்டே வந்தார். நான் அந்தக் கடைசி உயரத்துக்கு வந்துவிட்டேன். அப்போது மூட்டத்துக்குள் ஒரு பக்கமாகச் சிவப்பாக ஏதோ மங்கலாகத் தெரிந்தது, ரிக்கில் வாயு எரியுமே, அந்த நெருப்பு. தெரிந்ததும் மறைந்துவிட்டது. இன்னும் கொஞ்சம்தான், கொஞ்சம் கீழே போனால் தளம் தெரிந்துவிடும் என்று என் ஈரக்குலையெல்லாம் சொன்னது கண்ணு. தளம் தெரியல என்றார் பூனை. திரும்பிப் போறோம் என்றேன் நான், அப்படியே மேலே ஏறிவிட்டோம். யாரோ ஒருவருடைய வீட்டில் இன்றைக்கு என்னைச் சபிக்கப்போகிறார்கள் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். அது என் வீடுதான் என்று எனக்கு எப்படித் தெரியும்.

எரிபொருள் நிரப்பிக்கொண்டு காத்திருந்தோம். வெயில் சாயும் நேரத்தில் காற்று கொஞ்சம் எழும்பி மூட்டம் கிழிய ஆரம்பித்ததும் மறுபடி கிளம்பினோம். இந்தத் தடவை அந்த உயரத்துக்கு வருவதற்கு முன்பே ரிக் முழுசாகத் தெரிந்தது. கிரேனின் கை தொட்டிலில் கிடந்தது, ஆனால் கொக்கியைக் கட்டாமல் விட்டிருந்தார்கள், அது காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கேபினுக்கு வெளியே யாரும் இல்லை, மஞ்சள் கையுறை இல்லை. இறங்கிய பிறகும் தலைக்கு மேலே ஹெலிகாப்டர் விசிறி சுற்றிக்கொண்டேதான் இருக்கும், நான் இருக்கையைவிட்டு அசைய முடியாது, கையை எடுக்கவும் கூடாது. பக்கத்துக் கண்ணாடியில் ஸ்ட்ரெச்சர் வருவது தெரிந்தது, முகம் தெரியவில்லை, பூட்ஸ் தெரிந்தது. ஒரு பூட்ஸில் கறுப்பு நாடா, ஒன்றில் பழுப்பு நாடா. போன மாதம் ஒன்று அறுந்துபோனபோது நான்தான் அந்தப் பழுப்பு நாடாவைக் கோத்துக் கொடுத்தேன், ஜோடியா வாங்கினா என்னன்னு சண்டைகூடப் போட்டார். நான் பூனையிடம், என் வீட்டுக்காரர், நீங்க ஓட்டுங்க என்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டார். கரை வரும்வரை உயரத்தையும் வேகத்தையும் அவருக்குப் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் படிக்கக் குரல் வந்திருக்காது.

இப்போது உன்னிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியது. கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருந்தா இதயத்துல இவ்வளவு சேதம் ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னார். அப்பாவால் இனி கிரேன் ஏற முடியாது. அதைக் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். உன் கேள்வியை நீ கேட்பதற்கு முன்னாலேயே நான் என்னைக் கேட்டுவிட்டேன், அதனால்தான் ஃபோனில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மூக்கிலிருந்து குழாயை எடுத்த பிறகு அப்பா மெள்ளப் பேச ஆரம்பித்தார். அன்றைக்கு கிரேனில் பெரிய சுமை தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சில் வலி வந்திருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு சுமையைப் பத்திரமாக இறக்கிவைத்துவிட்டு இஞ்சினை நிறுத்திச் சாய்ந்துவிட்டார். கிரேனின் கை இறங்குதளத்துக்கு மேலேயே நிமிர்ந்து நின்றுவிட்டது. அவரைக் கயிறு கட்டிக் கீழே இறக்கிய பரபரப்பில் யாரும் மேலே பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் மூட்டத்தில் பாதிக்கு மேல் தெரிந்திருக்காது. தளத்துப் பொறுப்பாளர் கேபினை எட்டிப் பார்த்தாராம், இஞ்சின் நின்றிருக்கிறது, கேபின் காலி. உன் அப்பா கேபினில் இல்லையென்றால் கை தொட்டிலில் கிடக்கிறது என்றுதானே இத்தனை வருஷமாக அர்த்தம். அந்தப் பழக்கத்தில் எல்லாம் சுத்தம் என்று ரேடியோக்காரரிடம் சொல்லிவிட்டார். அப்பா இறங்குதளத்துப் படிக்கட்டடியில் ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறார், முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க், என் ஹெலிகாப்டர் சத்தம் நெருங்கி வருகிறது. பேச முடியாமல் கையை மேலே தூக்கித் தூக்கிக் காட்டியிருக்கிறார். அவர் என்னைத்தான் காட்டுகிறார் என்று நினைத்து எல்லாரும், ஆமாங்க, உங்க வீட்டம்மாதான் வர்றாங்க, பயப்படாதீங்க என்று தேற்றியிருக்கிறார்கள். மேலே அறையில் இருந்த ரேடியோக்காரருக்கு மனசு கேட்காமல், விதியாவது ஒன்றாவது, யாருன்னு சொல்லிடுவோம், சொன்னா எப்படியாவது இறங்கிடுவாங்க என்று மைக்கைக் கையில் எடுத்தேவிட்டாராம். அவர் வாயைத் திறப்பதற்குள், திரும்பிப் போறோம் என்று நான் ரேடியோவில் சொல்லிவிட்டேன். அந்த மனுஷன் நேற்று ஆஸ்பத்திரிக்கு வந்து இதைச் சொல்லிச் சின்னப்பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். நான் ஏறிப் போன பிறகுதான் அப்பா மாஸ்க்கை இழுத்துவிட்டுக் கிரேன் கிரேன் என்று சொல்ல, இன்னொரு ஆள் ஓடிப்போய்க் கிரேன் கையைப் படுக்கவைத்திருக்கிறார். இதையெல்லாம் உன்னிடம் சொல்ல வேண்டாம், தூரத்துல இருக்கா, பயந்துடுவா என்றார் அப்பா. அவர் பேச்சை நான் கேட்கவில்லை.

தெரிந்திருந்தால் இறங்கியிருப்பேனா என்று கேட்டாயே. இறங்கியிருப்பேன் கண்ணு. அந்த உயரத்தைத் தாண்டி, கண்ணை மூடிக்கொண்டாவது கீழே போயிருப்பேன், நிமிர்ந்து நின்ற அந்தக் கையில் போய் மோதியிருப்பேன். பூனைக்கு வீட்டில் இரண்டு குழந்தைகள். பெயரைச் சொல்லாத அந்த ஏற்பாடு என்னைப் போன்ற ஆளுக்காகத்தான் என்று இப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவிடம் கேட்டேன், நான் திரும்பிட்டேன்னு உங்களுக்குக் கோபமே வரலையா என்று. நீ திரும்பிப் போற சத்தம் கேட்ட அப்புறம்தாண்டி நான் கையக் கீழ போட்டேன் என்றார். சொல்லிவிட்டுக் கஞ்சி ஆறிப்போச்சு என்று நர்ஸம்மாவோடு அடுத்த சண்டைக்குப் போய்விட்டார்.

வேலையை நான் விடப் போவதில்லை, அதை உன்னிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன். அப்பா வீட்டுக்கு வந்து நிலைகொண்டதும் திரும்பப் போவேன். அந்தக் கேபினுக்கு வெளியே வேறு யாரோ நிற்பார்கள், முதல் தடவை எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். நீ கோபமாக இருந்தாலும் வேளாவேளைக்குச் சாப்பிடு, ராத்திரி கண்விழித்து வேலை பார்க்காதே, குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. எந்தக் குறையும் உன்னை அண்டாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும். மறந்துவிடாதே, சாயங்காலமானால் ஃபோன் வரும். உன் அப்பா தன் ஃபோனைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு வேண்டுமென்றே என் ஃபோனை வாங்கித்தான் உனக்கு அடிக்கிறார், இதிலதான் அவ எடுக்கணும் என்று பிடிவாதம். மணி அடித்து ஓய்ந்தாலும் காதிலிருந்து அதை எடுப்பதில்லை. கை வலிக்கும், வைங்க என்று நான் சொன்னால், அவ எடுக்கிறவரைக்கும் கைய இறக்க மாட்டேன் என்கிறார்.

உன் தலைமேல் கைவைத்து,
அம்மா