சீட்டு ஒட்டிய குப்பி

அருமனை
வியாழன் காலை

அன்பு மகள் இந்துஜாவுக்கு அம்மா எழுதுவது. ஆராய்ச்சிக்குப் போன ஊரின் குளிரில் நீ காய்ச்சல், தலைவலி இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உன் அக்கா சுஜாவுக்கு ஏழரை மாதத்திலேயே பிள்ளை பிறந்ததை அப்பா போனில் சொன்னார் அல்லவா, அவர் சொல்லாத ஒன்று இருக்கிறது. போனில் எனக்கும் வாய் எழாது, அதனால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

பிரசவத்துக்கு முந்தின நாள் அக்காவுக்குக் காய்ச்சல் அடித்தது. நச்சுக்கொடியில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்க, அதை ஒரு குப்பியில் மருந்துத் தண்ணீரில் போட்டு, நாகர்கோவில் லேபில் கொடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் அப்பா கையில் தந்தார்கள். அது சரியாக விளங்காமல் அவர் நேரே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஏட்டி, பிள்ளைக்க கொடியில்லா, குழிச்சிடத்தானே தந்திருக்காவ என்று மருந்தைக் கொட்டி, மஞ்சள் தண்ணீரில் கழுவி, தென்னம்பிள்ளை மூட்டில் புதைத்து, நாய் தோண்டாமல் கல்லும் வைத்தார். நீங்கள் இருவரும் பிறந்தபோதும் அப்படித்தான் செய்தார், அவரை என்ன சொல்ல. நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், குப்பியில் பரிசோதனைக்கு என்று ஒட்டியிருந்த சீட்டை வாசித்தவளும் நான். மாமாமார் எல்லாரும் நின்றார்கள், அவர்கள் முன்னால் தடுக்கக் கூச்சப்பட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன்.

இன்று மூன்றாம் நாள். பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறான். சித்திக்க மூக்கு அப்படியே இருக்கு, பாவம் பிள்ளை என்று அக்கா சிரிக்கிறாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. அந்த ரிப்போர்ட் இருந்தால்தான் பிள்ளைக்குப் போடுகிற கிருமிக்கொல்லி ஊசியை நிறுத்துவதா தொடர்வதா என்று தெளிவாகும் என டாக்டர் இரண்டு தடவை கேட்டார். இன்னும் வரவில்லை என்று பொய் சொன்னேன். உன் ஆராய்ச்சி பற்றிப் போன வருஷம் சொன்னாயே, அழற்சி வந்தால் நச்சுக்கொடியின் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டு மூலக்கூறுகள் கூடும், ஓடுகிற வெள்ளை அணுக்களைப் பிடித்து நிறுத்தும் என்று. சேலைக் கரையில் நாயுருவி ஒட்டுவது மாதிரி என்று புரிந்துகொண்டேன். பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்கும்போதெல்லாம் அதுதான் நினைவில் வருகிறது, உட்கார முடியவில்லை.

அது பரிசோதனைக்குத் தந்தது என்று நேற்று அப்பாவிடம் சொன்னேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, தோண்டிக் குடுத்தா பாக்க மாட்டாவளா என்று கேட்டார். மண்ணுக்குள் கிடந்ததில் இனி ஏதாவது தெரியுமா, உனக்குத்தான் தெரியும். ஆனால் உன் பதிலுக்குக் காத்திருக்கப் போவதில்லை. ஒன்பது மணிக்கு டாக்டர் வருவார், நானே சொல்லப் போகிறேன். அந்தச் சீட்டை உரித்துப் பையில் வைத்திருக்கிறேன். வாய் எழாவிட்டால் அதை அவர் மேசையில் வைப்பேன்.

அக்காவிடம் நீ முந்திச் சொல்லிவிடாதே மக்களே, அதையும் நான்தான் சொல்ல வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. நீ நல்லா இருக்க வேண்டும், அவனும்.

உன் அம்மா
செல்லக்கனி