சேறு காயாத பாதை

ஏரிக்கரை முகாம்
பிப்ரவரி 19

அன்பு மகள் அனெத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நம் பழைய வண்டியும் சௌக்கியம், மூன்று பேரில் இருமல் வண்டிக்கு மட்டும்தான். அந்தப் பனி ஊரில் நீ காலுக்கு இரண்டு உறை போட்டுக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறேன். உன் சேதி கிடைத்தது. மோஷியில் இருக்கும் உன் பெரியப்பாவுக்கு நம் வீட்டு விஷயம் நமக்கு முன்னாலேயே தெரிந்துவிடும், அதை அவர் உனக்கு உப்புக் காரம் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். "அப்பாவை மத்த டிரைவருங்க ஒதுக்கி வெச்சுட்டாங்களாமே, இந்த வயசுல எதுக்கும்மா ஊர்ப்பகை, படம் புடிச்சது போதும், ரெண்டு பேரும் கரத்து ஊர்ல நம்ம வீட்டுல வந்து உக்காருங்க" என்று கேட்டிருந்தாய். போனில் பதில் சொல்லலாம் என்றால் குன்றுமேல் ஏறினால்தான் சிக்னல், ஏறிச் சொன்னாலும் நீ என்னைப் பேச விடமாட்டாய். இங்கே விலங்கு பார்க்க வந்துவிட்டு உன் ஊர்ப் பக்கம் திரும்பிப் போகிற ஒரு விருந்தாளியம்மா தபாலில் போட்டுவிடுகிறேன் என்றாள், அதனால் எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

ஒதுக்கி வைத்தது உண்மைதான். ஏன் என்பது உன் பெரியப்பாவுக்குத் தெரியாது. இங்கே சஃபாரி டிரைவர்களின் வழக்கம் நீ சின்ன வயதிலிருந்து பார்த்ததுதானே, ஒருத்தன் கண்ணில் சிங்கமோ சிறுத்தையோ பட்டால் வயர்லெஸ்ஸில் எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும், இன்றைக்கு நான் சொன்னால் நாளைக்கு நீ சொல்வாய். இருபத்தாறு வருஷத்தில் உன் அப்பா எதையும் மறைத்ததில்லை, அந்தப் பெயர்தான் அவருடைய சொத்து. படத்துக்குக் கீழே நம்சிஃபு என்று என் பெயர் வருகிறது, ஆனால் எந்த மேட்டில் வண்டியை நிறுத்தினால் விலங்கின் கண்ணில் வெளிச்சம் விழும், எந்தத் தூரத்தில் இஞ்சினை அணைத்தால் அது காதைக்கூடத் திருப்பாது என்பதெல்லாம் அவர் வேலை. நான் பொத்தானை அமுக்குகிறவள், அவ்வளவுதான். இதை அவரிடம் சொல்லிவிடாதே, பிறகு கையில் பிடிக்க முடியாது.

இரண்டு வருஷம் முன்னால் நீ கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, அப்பா ஏன் ஜோக்கே சொல்வதில்லை என்று கேட்டாய், வயிறு சரியில்லை என்று மழுப்பினேன். வயிறு இல்லை, கொழுந்தியாள்தான் காரணம். அந்தப் பெண் சிவிங்கிப்புலி, வாலில் பாதி இல்லாதவள், உனக்கு ஞாபகம் இருக்கும். கூப்பிட்டால் திரும்பாமல் மிடுக்காக நடக்கிறாள் என்று உன் அப்பாதான் அவளுக்குக் கொழுந்தியாள் என்று பெயர் வைத்தார், எனக்குத் தங்கை இல்லாத குறையும் தீர்ந்தது. அந்த வருஷம் அவள் பாறைப்புதரில் நாலு குட்டி போட்டிருந்தாள். அவள் வேட்டைக்குப் போன நேரத்தில் உன் அப்பா பார்த்துவிட்டு, வழக்கப்படி வயர்லெஸ்ஸில் சொன்னார். பதினோரு மணிக்குள் பத்தொன்பது வண்டிகள். அவள் திரும்பி வந்து, வண்டிகளைத் தாண்டிப் போகப் பயந்து, பால் கட்டிய மடியோடு பொழுது சாயும்வரை புல்லில் நின்றாள். வண்டிகள் வட்டம் கட்டி நின்றால் நடுவில் ஏதோ இருக்கிறது என்று கழுதைப்புலிக்கும் தெரியும். நாலு குட்டியும் போயிற்று. அவள் நிற்க, பின்னால் வண்டி வரிசை தெரிய நான் எடுத்த படத்தை அருஷா கண்காட்சியில் பெரிதாக மாட்டினார்களே, அதைப் பார்க்க உன் அப்பா வரவில்லை, டயர் பஞ்சர் என்றார். நானும் சரி என்றேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இந்த டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி மேற்குப் புதர்க்காட்டில் அவளை மறுபடி பார்த்தோம். பைனாகுலரில் பார்த்தால் வயிற்றோரம் மூன்று குட்டிகள், கண்கூடத் திறக்கவில்லை. உன் அப்பாவின் கை பழக்கத்தில் வயர்லெஸ் மைக்கை எடுத்துவிட்டது. எடுத்த கை அப்படியே நின்றது, அப்புறம் மெதுவாகத் திரும்ப மாட்டினார். "நம்சிஃபு, நான் இன்னிக்கு ஒண்ணும் பாக்கலை" என்றார். "நானுந்தான்" என்றேன், ஒரு படமும் எடுக்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டோம்.

ஆனால் சீசன் நேரம், மான் குட்டி போடும் மாதம், விருந்தாளிகள் எல்லாம் சிவிங்கிக் குட்டி சிவிங்கிக் குட்டி என்று டிரைவர்களின் உயிரை எடுக்கிறார்கள். நம் வண்டி தினமும் அவளைத் தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காலியாக வருவதை உன் தெமு சித்தப்பா கவனித்துவிட்டார். இருவரும் ஒன்றாக வண்டி ஓட்டக் கற்றவர்கள், ஒரு தட்டில் சாப்பிட்டவர்கள், அவரை ஏமாற்ற முடியுமா. டீக்கடைப் பக்கத்தில் எல்லாருக்கும் முன்னால் கேட்டார், "அனெத் அப்பா, கொழுந்தியா எங்க இருக்கா?" "பாக்கலை." "என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு." உன் அப்பா டீயைப் பார்த்தார். "திங்க மட்டும் வாய் வெச்சிருக்கான்யா இவன். இனிமே இவனுக்கு எவனும் எதுவும் சொல்லாதீங்க" என்றார் தெமு. அன்றிலிருந்து விலங்குச் சேதி எல்லாம் வயர்லெஸ்ஸில் வராமல் வண்டிக்கு வண்டி நேரில் போயிற்று, நம் வண்டி பக்கத்தில் போனால் அந்தப் பேச்சும் நின்றுவிடும், எதிரே வருகிறவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். எங்கள் கூடாரத்துக்குப் பின்னால் இருக்கிற மரத்திலேயே சிறுத்தை வந்து படுத்திருந்தது, ஊரே பார்த்தது, நாங்கள் மட்டும் அதன் கீழேயே ஓட்டிக்கொண்டு போனோம். உன் அப்பா தனியாக உட்கார்ந்து உகாலிக் களியை உருட்டிக்கொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது. எனக்கு மனசு கேட்கவில்லை, தெமுவிடம் மட்டுமாவது சொல்லிவிடுங்கள் என்றேன். "அவன் நல்லவன். ஆனா விருந்தாளி கெஞ்சினா எளகிடுவான். நான் ஒரு தடவை சொன்னது போதாதா?" என்றார். இரண்டு வருஷத்தில் அந்த விஷயத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்தது அது ஒன்றுதான்.

இப்போது எழுதுவதைப் படித்துவிட்டு நர்ஸம்மா என்னைத் திட்டுவாய், திட்டிக்கொள். ஜனவரி ஒன்பதாம் தேதி காலை ஏழு மணிக்கு, முந்தின நாள் மழையில், அந்தப் புதருக்கு நானூறு அடி தள்ளி வண்டி கரிசல் சேற்றில் அச்சுவரைக்கும் இறங்கிவிட்டது. கீழே கால் வைத்துத் தோண்டினால் சேறு திரும்ப வந்து மூடுகிறது. வயர்லெஸ்ஸில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கயிறு கட்டி இழுக்க ஆள் வந்துவிடும், ஆனால் வருகிறவன் கண் எதிரே இருக்கிற புதரைப் பார்க்காதா. உன் அப்பாவின் பிரஷர் மாத்திரை கூடாரத்தில். மத்தியானத்துக்குள் அவர் முகம் சிவந்து, பிடரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குக் குட்டியாவது ஒன்றாவது என்று ஆகிவிட்டது, கூப்பிடுங்கள் என்று அழுதேன், நானே மைக்கை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். பலகை, பாய், சப்பாத்திக் கல் எல்லாம் சக்கரத்தடியில் போட்டுப் பார்த்தோம், எல்லாவற்றையும் சேறு விழுங்கிற்று. கடைசியில் நான் லென்ஸை வைத்து எடுக்கிற அந்த இரண்டு நீலப் பைகளையும் கொண்டுபோய்ப் பின்சக்கரத்தில் கொடுத்தேன், உள்ளே காய்ந்த பீன்ஸ் நிரப்பி நீ தைத்துக் கொடுத்த பைகள்தான், பதினோரு வருஷம் என் முழங்கைக்குக் கீழே இருந்தவை. சக்கரம் பிடித்தது, துணி கிழிந்தது, பீன்ஸ் ஆலங்கட்டி மழைபோல் எங்கள்மேல் அடித்தது, வண்டி ஒரு துள்ளுத் துள்ளி மேலே ஏறிற்று. மணி நாலு. நான் அழுகையும் சிரிப்புமாக அவரைத் திட்டிக்கொண்டே கூட்டி வந்தேன். மாத்திரை போட்டு, படுத்து, மறுநாள் சரியாகிவிட்டார். அதற்குப் பிறகு மாத்திரை டப்பாவை வண்டிச் சாவியோடு சேர்த்துக் கட்டிவிட்டேன், கவலைப்படாதே.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம் தெமு எங்கள் கூடாரத்துக்கு வந்தார். கை நிறையப் பச்சைச் செடி, வேரில் மண்ணோடு. உன் அப்பாவின் முன்னால் போட்டார். யாரோ ஒரு விருந்தாளிக்கு ஏதோ பறவை காட்ட அந்தப் பக்கம் போனாராம். "காட்டுக்குள்ள எவன்டா பீன்ஸ் தோட்டம் போட்டான்னு பாத்தேன். சக்கரத் தடத்துல ரெண்டு வரிசையா, அழகா மொளைச்சு நிக்குது. கிட்டப் போனா நீலத் துணி. இந்தச் சமவெளியில நீலப் பை யாருது?" என்று என்னைப் பார்த்தார். குனிந்து துணியை எடுத்தவர் நிமிர்ந்தபோது எதிரே புதரில் கொழுந்தியாள் தலையைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். விருந்தாளி பறவையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் தப்பித்தோம். வேறு எவனாவது செடியைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்டுவிடக்கூடாது என்று, பறவைக்காரரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, தனியாகத் திரும்பப் போய் ஒன்று விடாமல் பிடுங்கி வந்திருக்கிறார்.

"எவ்ளோ நேரம் கெடந்தே?" "சாயங்காலம் வரைக்கும்." "மாத்திரை?" "இங்க இருந்துச்சு." தெமு தலையில் அடித்துக்கொண்டார். "கூப்பிட்டிருந்தா நான் வந்திருக்க மாட்டேனாடா?" என்றார். "வந்திருப்பே. அதான் கூப்பிடலை" என்றார் உன் அப்பா. பிறகு தெமு உட்கார்ந்தார். நான் கொடுத்த இஞ்சி டீயைக் குடித்தார், உன் அப்பாவை நான் எழுதக்கூடாத வார்த்தைகளில் திட்டினார், போய்விட்டார்.

மறுநாள் காலை வயர்லெஸ்ஸில் அவர் குரல். "மேக்குப் புதர்ப் பக்கம் யாரும் போவாதீங்க. ஒரே சேறு, எறங்கினா ஏற முடியாது." பத்து நாளாகச் சொட்டு மழை இல்லை அனெத், ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் புழுதி வால் மாதிரி எழும்புகிறது. இளம் டிரைவர் ஹமீசி கேட்டான், "சேறா? தெமு அண்ணே, எனக்கு மூக்கெல்லாம் மண்ணு." "நான் சேறுன்னா சேறு."  அப்புறம் ஹமீசி, "சரிண்ணே, சேறுதான். நானும் பாத்தேன்" என்றான். அன்றிலிருந்து தினமும் காலையில் யாராவது ஒருத்தர், சேறு இன்னும் காயவில்லை என்பார்கள், இன்னொருத்தர் ஆமாம் காயவில்லை என்பார். புழுதியில் புருவம் வெளுத்துப்போன விருந்தாளிகளும் பாவம், தலையாட்டுகிறார்கள். முதல் நாள் அதைக் கேட்டு உன் அப்பா வண்டியை ஓரங்கட்டி, எண்ணெய்த் துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார், மூக்கெல்லாம் கறுப்பு. அப்போது ஒரு படம் எடுத்துவிட்டேன், இதோடு வைத்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் நான் எடுத்ததில் எனக்குப் பிடித்த படம் அதுதான்.

மூன்று நாள் முன்னால் கொழுந்தியாள் மூன்று குட்டிகளையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். மூன்றும், அனெத், ஒன்றுகூடக் குறையவில்லை. முதுகெல்லாம் சாம்பல் மயிர், அம்மாவின் அரைவாலைப் பிடிக்க ஒன்றோடொன்று அடிதடி. நாற்பது நிமிஷம் நாங்கள் மட்டும் பார்த்தோம். பிறகு உன் அப்பா மைக்கை எடுத்தார். "எலிஃபாசி பேசறேன். மேக்குப் புதருக்கு வெளிய, ஒத்தை வேலமரத்துக்கிட்ட, கொழுந்தியாவும் மூணு புள்ளைங்களும்" என்றார்.  அப்புறம் தெமு, "ஏம்பா, சேறு காஞ்சுடுச்சா?" என்றார். "காஞ்சுடுச்சு" என்றார் உன் அப்பா. வண்டிகள் வந்தன, இருபது இருக்கும். யாரும் வட்டம் கட்டவில்லை, ஒரே பக்கமாக, தூரத்தில், வரிசையாக நின்று இஞ்சினை அணைத்தார்கள். அவள் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, படுத்துப் பால் கொடுத்தாள்.

கரத்து வீட்டில் வந்து உட்காரச் சொன்னாய். உட்கார வரமாட்டோம், மார்ச்சில் மழை பிடித்ததும் கூரையைச் சரிபண்ண மட்டும் வருவோம். உன் பெரியப்பா மறுபடி ஏதாவது சொன்னால், என் அப்பாவைப் பற்றி எனக்குத் தெரியும் என்று தலையை நிமிர்த்திச் சொல். எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு முப்பத்தொரு வருஷம், இந்தப் பெருமை எனக்கே இப்போதுதான் முழுசாகக் கிடைத்திருக்கிறது.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் கைபட்ட நோயாளிகள் எல்லாம் எழுந்து நடக்கட்டும். பனியில் வழுக்காத செருப்பு வாங்கிக்கொள். மறக்காமல் கெட்டி நீலத்துணி இரண்டு கெஜம் அனுப்பு, கிழியாததாகப் பார். பீன்ஸ் வேண்டாம், தெமுவின் மனைவி ஒரு சாக்கு கொடுத்தனுப்பியிருக்கிறாள். எல்லாம் வறுத்தது. "பச்சையா ரொப்பாதீங்க அண்ணி, அடுத்த தடவை மாட்டினா மொளைச்சுக் காட்டிக் கொடுத்துடும்" என்று சொல்லிவிட்டுப் போனார் தெமு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
உன் அம்மா நம்சிஃபு

உன் அப்பாவையும் ஒரு வரி எழுதச் சொன்னேன். எழுத ஒன்றுமில்லை என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஓரத்தில் இருக்கிற எண்ணெய்க் கறை அவர் கட்டைவிரல்.