ஊசியைத் தூக்கியும் நிற்காத பாட்டு

உன் வீட்டு வாசலில் கால் வைத்ததுமே வார்னிஷ் மணம் மூக்கில் ஏறியது. கதவுக்கோ நாற்காலிக்கோ பூசியிருப்பார்கள் என்று நினைத்தேன். உள்ளே போனால் உன் பாட்டுப் பெட்டிகள். எட்டுக்கும் பூசியிருந்தார்கள். நீ வருடக்கணக்காகத் துடைத்துக் காப்பாற்றிய சாம்பல் நிறத் துணி உறையின் மேலேயே பூசியிருந்தார்கள். துணிக்கு வார்னிஷ் பூசுகிற அறிவை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்களோ! இரண்டு வாரமாகிறது. சேலையைத் துவைத்தும் மணம் போகவில்லை. உன்னைத் தவிர வேறு யாரிடம் இதைச் சொல்லித் திட்டுவது?

உனக்கு ஊர் தன்னாமுனை, எனக்குச் செட்டிபாளையம். தபாற்கந்தோரில் நம் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நீ பஸ் ஏறிவிடுவாய், துணைக்கு நான். ஏறாவூர்ப் பழைய சாமான் கடைகள், யார் யாரோ வீட்டுப் பரண்கள் எல்லாம் அலைந்திருக்கிறோம். கைப்பிடி வைத்த, பற்றரியில் ஓடுகிற, தூக்கிக்கொண்டு போகக்கூடிய ரெக்கோட் பிளேயர்தான் உனக்கு வேண்டும். பித்தளைக் குழாய் வைத்த பெரிய கிராமபோனைக் கண்டால் உனக்கு இளக்காரம். "அது வீட்டை விட்டு வெளிக்கிடாத ராசா. நான் போற இடமெல்லாம் வாற பெட்டிதான் எனக்கு வேணும் கா" என்பாய்.

பற்றரி கக்கிய பச்சைக் களிம்பைத் தேசிக்காய் பிழிந்து, அந்தப் புளி விட்டுக் கழுவுவாய். அறுந்த பெல்ட்டுக்குப் பதிலாகச் சைக்கிள் டியூப்பில் வளையம் வெட்டிப் போடுவாய். ஏழு பெட்டி பேசாமல் கிடந்தாலும் ஒன்று பேசினால் போதும், வாவிக்கரையில் பாய் விரித்துவிடுவாய். துள்ளல் பைலாவோ கோயில் பாட்டோ, கிடைத்த இசைத்தட்டு ஓடும். கீறல் விழுந்த இடத்தில் பாடகர் ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னால், "இவருக்கும் நம்மட கந்தோர்ப் பெரியவருக்கும் ஒரே வருத்தம், சொன்னதையே சொல்லுற வருத்தம்" என்று நீ சொல்ல, நான் தேத்தண்ணீரைச் சிந்திவிடுவேன்.

சேகரிப்பவர்கள் என்று சொல்லிக்கொண்டு கொழும்பிலிருந்து சிலர் வருவார்கள். தட்டை உறையிலிருந்து எடுக்கவே மாட்டார்களாம், எடுத்தால் மதிப்புக் குறையுமாம். அவர்கள் போன பிறகு நீ சொன்னது மறக்கவில்லை: "கேக்கிறதுக்கு எண்டா பெட்டி வாங்கு. காட்டுறதுக்கு எண்டா கண்ணாடி வாங்கு."

உன் வீட்டாருக்கு நீ எப்போதும் பகிடிதான். "தாலி தேடுற வயசில பெட்டி தேடினவ" என்று உன் அண்ணி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். வெளிநாட்டிலிருந்த அண்ணன் மகன் போனில், "மாமி, அந்தக் குப்பையெல்லாம் எறிஞ்சுபோட்டு வீட்டை வாடகைக்கு விடுங்க" என்றான். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. உன்னை அடக்கம் செய்த பிறகு கிடைத்தது. வந்தவன் வீட்டை விருந்தினர் விடுதி ஆக்கினான். உன் ஆண்டு நினைவு வந்ததும், 'வினைல் மாலை' என்று நிகழ்ச்சி வைத்து எனக்கும் அழைப்பு அனுப்பினான். உன் பெயர் போட்டிருந்ததால் போனேன்.

முற்றமெங்கும் சின்னச் சின்ன மின்குமிழ்கள். வந்தவர்கள் பெட்டிகளைப் பார்த்ததைவிடப் பெட்டிகளோடு தங்களைப் படம் பிடித்ததுதான் அதிகம். உன் அண்ணி புதுச் சேலையில் முன்வரிசையில் இருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கிழக்கு மாகாணத்தின் வினைல் பண்பாட்டுக்கு என் மாமிதான் முன்னோடி" என்று உன் அண்ணன் மகன் ஒலிவாங்கியில் சொன்னான். குப்பை முன்னோடியாவதற்கு ஒரு சவப்பெட்டி தேவைப்பட்டிருக்கிறது.

பிறகு அவன் ஒரு தட்டை எடுத்தான். பெருவிரலை நேரே பாட்டுக் கோடுகளின் மேல் அழுத்திப் பிடித்தபடி எடுத்தான். நீ பார்த்திருந்தால் அந்த விரலை என்ன செய்திருப்பாயோ! தட்டின் நடுவில் சிவப்பு நகப்பூச்சால் போட்ட பெருக்கல் குறி தெரிந்தது. உனக்கு நினைவிருக்கும். ஏறாவூரில் இனாமாகக் கிடைத்த சுருக்கெழுத்துப் பயிற்சித் தட்டு அது. ஒரு மனிதர் ஆங்கிலத்தில் வியாபாரக் கடிதங்களை ஆமை வேகத்தில் வாசித்துக்கொண்டே போவார். ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, "இனி இதைத் தொடாத" என்று குறி போட்டவள் நீதான்.

அவன் ஊசியை வைத்தான். தட்டுச் சுழன்றது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் காதல் பாட்டுப் பாடியது.

முதலில் என் காதைத்தான் சந்தேகித்தேன். பக்கத்தில் இருந்த கொழும்புக் கனவான் கண்ணை மூடித் தலையை ஆட்டி, "இதுதான் ஒறிஜினல். இந்தக் கதகதப்பு டிஜிட்டல்ல வராது" என்றார். அதற்கு மேல் என்னால் இருக்க முடியவில்லை. எழுந்து போய் ஊசிக்கையைத் தூக்கிப் பிடித்தேன்.

பாட்டு நிற்கவில்லை.

"தம்பி, ஊசி என்ட கையில கிடக்கு. அவ இன்னும் பாடுறா. எப்பிடி?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். "உள்ளுக்க எல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு அன்ரி. கழட்டி எறிஞ்சிட்டு புளூடூத் வைச்சிட்டம். தட்டுச் சுத்துறதுக்கு மட்டும் ஒரு சின்ன மோட்டர். ஆக்களுக்கு லுக்தானே முக்கியம்."

"எட்டையுமா?"

"எட்டையும்தான்."

வெட்கப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். எனக்கு இந்த வயதிலும் அந்த அளவுக்கு மடமை மிச்சமிருக்கிறது. கண்ணை மூடியிருந்த கனவான் கண்ணைத் திறந்து, "கொன்செப்ட் நல்லாத்தான் இருக்கு" என்றார். யாரோ கைதட்டினார்கள். மற்றவர்களும் தட்டினார்கள். ஊசிக்கையைக் கீழே வைத்துவிட்டு, ஒருவரிடமும் சொல்லாமல் வெளியே வந்தேன்.

வீதியில் நடக்கும்போதுதான், அவன் கைபடாத பெட்டி ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. அடுத்த ஞாயிறு வாகரைக்குப் பஸ் ஏறினேன்.

கருவாடு போடுகிற பூரணத்தின் பெட்டிதான். சுனாமி அவள் வீட்டையும் புருஷனையும் கொண்டுபோய், அவன் ஆசையாக வாங்கிய பெட்டியை மட்டும் தாழம்புதருக்குள் விட்டுவிட்டுப் போனது. அதை வாங்கத்தான் முன்பு ஒருநாள் நாம் போனோம். "இது விக்கிற சாமானில்ல" என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னதும் நீ சிரித்துவிட்டாய். நிலத்தில் குந்தியிருந்து, சின்னத் தூரிகையால் மணலைத் தட்டித் தட்டி எடுத்து, பாட வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினாய். "இவதான் கா ஆள்" என்று பஸ்ஸில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தாய்.

பூரணம் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றாள். என்னை அடையாளம் கண்டாள், ஆனால் சிரிக்கவில்லை.

"இவ்வளவு நாளும் வராம இப்ப என்னத்துக்கு வந்தநீங்க? பெட்டி கேக்கவா?"

"இல்ல. ஒருக்காப் பாத்திட்டுப் போவமெண்டு."

"மற்ற அக்கா எங்க?"

நீ போய்விட்டாய் என்று சொன்னேன். அவள் கையிலிருந்த கருவாட்டைக் கீழே வைத்தாள். "எப்ப?" என்று கேட்டாள். போன வருடம் என்றேன்.

"ஒரு வருசமா! எனக்குச் சொல்லி அனுப்ப ஒருத்தருக்கும் தோணல்லயா? ஊரெல்லாம் சொல்லியிருப்பீங்க. கருவாட்டுக்காரிக்கு என்னத்துக்கு எண்டு விட்டுட்டீங்க, என்ன?"

விடுதி முற்றத்தில் நான் மற்றவர்களைப் பார்த்தது போலவே அவள் என்னைப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே போனவள், பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்துத் திறந்தாள். கைப்பிடியை நைலோன் நூலால் கட்டியிருந்தாள். ஊசிக்கையின் தலையில், பாரத்துக்கு ஒரு சில்லறைக் காசு ஒட்டியிருந்தது. அவளிடம் இருந்தவை மூன்றே தட்டுகள். மூன்றும் தேய்ந்து, பாட்டில் பாதி இரைச்சல். மூன்றையும் இரண்டு பக்கமும் போட்டாள். வாசலோடு போனவர்கள் கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருவரும் கண்ணை மூடவில்லை, கதகதப்பைப் பற்றிப் பேசவில்லை. பூரணம் அழுதாள். நானும் அங்கேதான் உன்னை நினைத்து அழுதேன்.

வெளிக்கிடும்போது சொன்னாள்: "இனி வாறதெண்டா தட்டு ஒண்டு கொண்டு வாங்க. செத்த வீட்டுக்கு வாற மாதிரி வெறுங்கையோட வரப்படாது."

நேற்று மறுபடியும் போனேன். ஏறாவூரில் தேடி எடுத்த தட்டு ஒன்றைத் துவாயில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன். துவாய் விலகி, தட்டின் ஓரம் வெளியே தெரிந்திருக்க வேண்டும். பக்கத்து இருக்கையில் கமராப் பையோடு இருந்த ஒருவன், "அன்ரி, வினைலா? குடுக்கிறீங்களா? நல்ல விலை தருவன்" என்றான்.

அவன் சப்பாத்திலிருந்து தொடங்கி, மெதுவாக மேலே ஏறி, நெற்றியில் நிறுத்தி ஒரு பார்வை பார்த்தேன். பெட்டிகளுக்குப் பேரம் பேசக் கந்தோருக்கே வந்தவர்களை நீ மேசைக்குப் பின்னாலிருந்து பார்க்கிற அதே பார்வை. எனக்கு அது வரும் என்று நேற்றுவரை தெரியாது.

அவன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வாகரை வரும்வரை இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.