டாக்டர்தான் கொலைகாரன்

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் படி.

ஊரெல்லாம் பேசுகிற அந்தத் துப்பறியும் நாவலுக்காக நூலகத்தில் மூன்று மாதம் காத்திருந்தேன். எங்கள் அலுவலகத்தில் அதைப் படிக்காதவள் நான் ஒருத்திதான். முதல் ஐம்பது பக்கம் வெறும் இழுவை. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று மூடிவைக்கப் போனபோது, ஓரத்தில் உன் பென்சில் எழுத்தைப் பார்த்தேன். "டாக்டர்தான் கொலைகாரன். சந்தேகமே வேண்டாம்." நூலகப் புத்தகத்தில் கிறுக்கும் பழக்கத்தை நீ இன்னும் விடவில்லை!

அதன் பிறகு உன் குறிப்புகளுக்காகவே படித்தேன். நூற்று எண்பதாம் பக்கத்தோடு அவை நின்றுவிட்டன. நூலகரிடம் கேட்டேன்.

"அவங்க பாதியிலேயே திருப்பிக் கொடுத்துட்டாங்கம்மா. எழுத்தே சரியாத் தெரியலையாம். கண்ணு ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருக்காங்கன்னு சொன்னாங்க."

எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லும்படி நானும் நடந்துகொள்ளவில்லை. அதனால்தான் இந்தக் கொட்டை எழுத்து.

மீதியையும் முடித்தேன். அந்தப் புகழுக்குத் தகுதியான புத்தகம்தான் அக்கா. எந்தக் கதையிலும் பத்தாம் பக்கத்திலேயே ஆளைப் பிடித்துவிடுகிற உன்னையே ஏமாற்றியிருக்கிறதே! டாக்டர் இல்லை. யாரென்று எழுத மாட்டேன்.

சனிக்கிழமை நாலு மணிக்குப் புத்தகத்தோடு வருகிறேன், மீதியை வாசித்துக் காட்ட. அம்மாவின் வீட்டைப் பற்றி நானும் பேச மாட்டேன், நீயும் பேச வேண்டாம். கதவைத் திறக்காவிட்டால், வாசலில் நின்றே கடைசி அத்தியாயத்தை உரக்கப் படித்துவிடுவேன்.

உன் தங்கை