ஜோடிக்காரர் கேட்டது

செவ்வாய், இரவு.

தூக்கம் வரல. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் லோடுமேன் ஒருத்தருக்குத் தகடு வெட்டின விரல் தசைநாரை இன்னிக்கு நான்தான் தச்சேன். தனியா தச்சது முதல் தடவை. சீஃப் மேடம் பக்கத்துல கைகட்டி நின்னாங்க.

ஆபரேஷன் தியேட்டர் வெளியே அவரோட சேர்ந்து லோடு தூக்குற ஜோடிக்காரர் காத்திருந்தார். "பெரிய டாக்டரம்மாதானே தச்சாங்கோ?"

"ஆமா, நான்தான்"னு மேடம் கூசாம சொன்னாங்க. படியில இறங்கும்போது கோபமா கேட்டேன், ஏன் பொய்னு.

"அடுத்த மாசம் நீ போற ஊர்ல வேற சர்ஜனே இல்ல. இங்க தைக்காம எங்க கத்துப்ப? விரல் மடங்கினா நீ தச்சது. மடங்கலைன்னா நான் தச்சது. போ."

மேல திரும்பி வந்தா ஜோடிக்காரர் இன்னும் அங்கேயே. "தகடு தூக்க ரெண்டு ஆளு வோணும்மா. அவன் வர்ற வரிக்கும் நான் வேற ஜோடி சேர மாட்டேன்."

ஒரு ஆளோட கைன்னு நினைச்சுத்தான் ஊசிய எடுத்தேன்.