பூஜ்யத்துக்குப் பக்கத்துக் காலிக் கட்டம்

என் பெரியவனுக்கு,

இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர எல்லாரும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பாய், எழுதுவது உன் தங்கை. தையலுக்கு வந்த துணிக்கட்டைத் தனியாக இறக்கப் போய் எனக்கு வலது மணிக்கட்டு சுளுக்கிவிட்டது, நாலு நாளாகக் கட்டு. நான் பேசுவதை எல்லாம் இவள் புத்தகத் தமிழாக்கி, ஒற்று சரிபார்த்து எழுதுகிறாள், அதனால் அம்மா திடீரென்று பண்டிதர் ஆகிவிட்டாள் என்று நினைக்காதே. அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டுவதை விடமாட்டேன் என்கிறார். கிளட்ச் மிதிக்கிற காலுங்க, வண்டிக்கு மாத்துற மாதிரி இதுக்கும் ஆயில் மாத்த முடியாதா என்று டாக்டரிடமே கேட்டுவிட்டு வந்தார். நீ போனில் பேசும்போது அவரைக் கொஞ்சம் அதட்டு.

இந்தக் கடிதம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் எனக்கே தைரியம் போய்விடும். சின்னவளுக்குப் பள்ளியில் ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு கால்குலேட்டர் செய்யச் சொன்னார்களாம், கம்ப்யூட்டரில் பொத்தான்கள் தெரியவேண்டும், அழுத்தினால் விடை வரவேண்டும். எப்படிப் பொத்தான்களை வரிசையாக அடுக்குவது என்று பார்க்க, நீ பன்னிரண்டாம் வகுப்பில் எனக்காகச் செய்து தந்ததைப் பழைய கம்ப்யூட்டரில் தேடித் திறந்தாள். அதே பெரிய பெரிய பொத்தான்கள், எனக்குப் புரியட்டும் என்று ஒன்றில் ‘அழி’ என்று தமிழில் எழுதியிருந்தாயே, அதுவும் அப்படியே இருந்தது. கடைசி வரிசையில் பூஜ்யத்துக்கும் சமக்குறிக்கும் நடுவில் மட்டும் ஒரு கட்டம் காலி. இங்கே தசமப் புள்ளி இருந்திருக்கணுமே, அண்ணன் ஏன்மா விட்டுட்டான் என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று நினைவு வரவில்லை. பிறகு அவள் நீ எழுதிவைத்த வரிகளுக்குள் போய், இரண்டு சாய்கோடு போட்ட ஒரு வரியைப் படித்துக் காட்டினாள். அப்படிக் கோடு போட்டால் கம்ப்யூட்டர் அதைப் படிக்காதாம், மனுஷங்க மட்டும் படிப்பாங்களாம். அதில் நீ எழுதியிருந்தது இது: அம்மா புள்ளி வேண்டாம்னு சொல்லிட்டாங்க, வகுக்கும்போது மீதி விழுந்தா காணாமப் போயிடும், நாளைக்குத் திரும்பக் கேட்டுப் பார்க்கணும்.

அதைக் கேட்டதும் எல்லாம் நினைவு வந்துவிட்டது கண்ணு. திரையில் வந்த 8.5-ஐ எண்பத்தைந்து என்று படித்து நான் ஒரு மெத்தை உறையை வெட்டி வீணாக்கிய வாரம் அது. இதென்னடா புள்ளி, ஈ உட்கார்ந்துட்டுப் போன மாதிரி இருக்கு, எடுத்துடு என்றேன். மறுநாள் நீ நோட்டுப் புத்தகத்தோடு வெட்டுமேசைப் பக்கம் வந்து நின்றாய். வாய் திறப்பதற்குள், சொன்னதைச் செய்டா, எனக்கே பாடம் நடத்தாதே என்று விரட்டினேன். அதற்கு அடுத்த வாரம்தான் கண் மருத்துவர் இருட்டறைக்குத் திரைச்சீலை கேட்டார். ஒவ்வொரு ஜன்னலும் தொண்ணூற்றைந்து அங்குல அகலம், திரை நாலு பட்டையாகத் தொங்கவேண்டும். எப்போதும் போல டேப்பை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்திருந்தால் ஒரு பட்டைக்கு இருபத்து மூன்றே முக்கால் என்று தப்பாமல் வந்திருக்கும். என் மகன் செய்தது என்று அளவெடுக்க வந்த உதவியாளரிடம் பெருமை காட்ட உன் பொத்தான்களை அழுத்தினேன். வெறும் இருபத்து மூன்று என்று வந்தது, ஆறு ஜன்னலுக்கும் அப்படியே வெட்டினேன். நீயும் கூட வந்து மாட்டிப் பார்த்தால் ஒவ்வொரு ஜன்னலிலும் மூன்று அங்குலம் வெளிச்சம். அந்த ஆஸ்பத்திரியில் எல்லார் முன்னாலும், இவன் பெட்டியை நம்பினேன் பாருங்க, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும் என்று உன்னைக் காட்டிக் கத்தினேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இடைவெளியை மூடத் தைத்த ஒட்டுத்துணிக்கு ஊசி கோத்துக் கொடுத்தாய். புள்ளி வேண்டாம்னு நீதானே சொன்னே என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாமே, ஏனடா சொல்லவில்லை? இல்லை, அப்படிக் கேட்கவும் எனக்கு வாய் கிடையாது. சொல்ல வந்த பிள்ளையை விரட்டியது நான்தானே.

அதற்குப் பிறகு நீ செய்த எதையும் எனக்குக் காட்டியதில்லை. என்னடா வேலை பார்க்கிறாய் என்று கேட்டால், உனக்குப் புரியாதும்மா என்று சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுகிறாய். ஏழு வருஷமாக அதைத் திமிர் என்று நினைத்து அப்பாவிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். இந்த இடத்தைக் கொஞ்சம் மென்மையாக எழுதடி என்றால், சொன்னது சொன்னதுதான், மாற்றமாட்டேன் என்கிறாள் சின்னவள். சரி, இருக்கட்டும்.

நேற்று கண் மருத்துவமனைக்குப் போனேன். அந்த உதவியாளர் இன்னும் அங்கேதான் இருக்கிறார், திரைச்சீலையும் நம் ஒட்டுத்துணியோடு அப்படியே தொங்குகிறது. அன்றைக்குத் தப்பு என் மகனுடையது இல்லை, புள்ளியை எடுக்கச் சொன்னது நான் என்று அவரிடமும், அங்கே பழைய ஆட்கள் இரண்டு பேரிடமும் சொன்னேன். கட்டுப் போட்ட கையைப் பார்த்து வைத்தியத்துக்குத்தான் வந்தேன் என்று நினைத்தவர்கள் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். கடைசியில் அவர், எங்ககிட்ட எதுக்கும்மா, தம்பிகிட்ட சொல்லுங்க என்றார். போனில் சொன்னால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால்தான் எழுத்தில். தப்பு என்னுடையது. என்னை மன்னித்துக்கொள் என்று கேட்கிறேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொள், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ நூறாண்டு நல்லபடி இருக்கவேண்டும், தொட்டதெல்லாம் துலங்கவேண்டும். மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது உன் வேலையைக் காட்டு. புரியாவிட்டால் திரும்பக் கேட்பேன், கத்தமாட்டேன். சின்னவள் தன் கால்குலேட்டரில் புள்ளி வைத்துவிட்டாள். உன்னுடையதிலும் வைக்கட்டுமா என்று கேட்டாள், தொடாதே என்றேன். அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது, நீ வந்து வை. இந்தத் தடவை நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து ஊசி கோத்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
(இடது கையால் போட்ட கையெழுத்து, கோணலாக இருந்தாலும் என்னுடையதுதான்)