தண்ணீர்ப் பையை மாட்டியவன்

அண்ணே,

நேற்று மழையில் நனைந்த கான்வாஸ் துணியை மகன் வாசலில் உதறினான். அந்த ஈர வாடை மூக்கில் ஏறியதும் நம் தண்ணீர்ப் பை ஞாபகத்துக்கு வந்துவிட்டது. நீங்கள் கண்மூடி நாற்பது நாள் ஆகிறது. எனக்கு எழுத்து வராது. நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள்.

ஈரானும் ஈராக்கும் அடித்துக்கொண்டிருந்த காலம். குவைத்திலிருந்து பஸ்ராவுக்கு ஒரு புல்டோசர் ஏற்றிப் போனோம். நீங்கள் டிரைவர், யாழ்ப்பாணத்துக்காரர். நான் ஏற்றிய சரக்குக்குச் சங்கிலி கட்டும் ராமநாதபுரத்தான். இறக்கியதும் பட்டாளத்தார் நம்மை விடவில்லை. அடிபட்ட டாங்கி ஒன்றை நம் டிரெய்லரில் ஏற்றி, பட்டறைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். தூரத்தில் பீரங்கி இடித்துக்கொண்டே இருந்தது.

கான்வாஸ் தண்ணீர்ப் பையை வண்டிக்கு வெளியே நிழல் பக்கமாக மாட்டுவதுதானே நம் வழக்கம்? காற்றுப் பட்டால் சில்லென்று ஆகிவிடும். அன்று டாங்கியின் பக்கவாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு குழாய் வாகாக நீட்டிக்கொண்டிருந்தது. அதில் மாட்டினேன்.

குண்டும் குழியுமான பாதையில் ஒரு மணி நேரம் ஓடி, தண்ணீர் குடிக்க நிறுத்தினோம். பையைப் பார்த்ததும் உங்கள் முகம் வெளுத்தது.

“தம்பி, தொடாதை. மெல்லப் பின்னால போ.”

“ஏண்ணே?”

“உது குழாய் இல்லையடா. டாங்கியை உடைக்கிற ரொக்கெட். குத்திக்கொண்டு நிக்குது, இன்னும் வெடிக்கேல்ல.”

அதன் வாலில்தான் நம் தண்ணீர் அத்தனை தூரமும் ஆடிக்கொண்டு வந்திருக்கிறது. என் கால்சட்டை நனைந்ததே எனக்குத் தெரியவில்லை.

நமக்கு வழிகாட்டி முன்னால் போன பட்டாள ஜீப் திரும்பி வந்தது. அதிகாரி எட்ட நின்றே, யார் மாட்டியது என்று அரபியில் கத்தினான். மறுபடியும் கத்தினான். நீங்கள் நெஞ்சைத் தொட்டு, “அனா” என்றீர்கள். நான்தான் என்று.

“யல்லா, நீயே எடு” என்று கைகாட்டிவிட்டு ஜீப்புக்குப் பின்னால் பதுங்கினான். நானும் அங்கேதான், மணலில் முகம் புதைத்துக் கிடந்தேன். “முருகா, முருகா” என்ற உங்கள் குரல் கேட்டது. பிறகு அதுவும் நின்றுபோனது. வெடிக்கப்போகிறது என்று காதைப் பொத்திக்கொண்டேன்.

தோளைத் தொட்டது உங்கள் கை.

“குடி. நல்லாக் குளிர்ந்து கிடக்கு. இனிமேல் சட்டை கொழுவுறதெண்டாலும் என்னைக் கேட்டிட்டுக் கொழுவு.” சிரித்தீர்கள், பல் தந்தியடித்தது.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் ஒரே ரூமில் இருந்தோம். இந்தக் கதை வரும்போதெல்லாம், ‘பாவம், அவனுக்கு அரபி விளங்கேல்ல’ என்று எல்லோரிடமும் நீங்கள்தான் எனக்காகச் சொன்னீர்கள்.

விளங்கியது, அண்ணே. அந்த அதிகாரி கேட்ட இரண்டு தடவையும் விளங்கியது.